வெள்ளிக்கிழமை யாருடையது?

வணக்கம் அக்கா,

நான் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் இருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை, திங்கள் முதல் வெள்ளி வரை. கணவர் சுங்கைப் பட்டாணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அது கெடா மாநிலம், அங்கே விடுமுறை வெள்ளியும் சனியும். எனக்குச் சனியும் ஞாயிறும். ஆக, இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருப்பது சனிக்கிழமை மட்டும்தான்.

அந்த ஒரு நாளும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. தீபாவளி முடிந்ததும் வாராவாரம் யார் வீட்டிலாவது திறந்த இல்ல உபசரிப்பு. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வரிசையாகக் கல்யாணங்கள். கூலிமில் மாமியார் வீடு. மிச்ச நேரத்தில் வாரம் முழுக்கச் சேர்ந்த துணியைத் துவைத்துக் கொடியில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை அவர் பாவம், பிள்ளைகளோடு மாரடித்த களைப்பில் தூங்கி ஓய்வெடுப்பார். ஞாயிறு விடியும் முன்பே பள்ளிக்குக் கிளம்பிவிடுவார். நான் வீட்டைக் கழுவி, சாமான் வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை அரைத்து வைப்பேன்.

டொராண்டோவில் இருக்கும் என் தங்கை, தானும் கணவனும் சருகுகள் மேல் நடந்து போகும் படங்களை அனுப்பினாள். பார்த்ததும் அழுதுவிட்டேன். நமக்கு அப்படி ஒரு பருவமே கிடையாதா அக்கா? அப்படி ஒரு சனிக்கிழமைக்கு ஆசைப்படுவது பேராசையா? இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பேராசையே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்க வாரத்தில் ஒரு நாள் வேண்டும் என்பதை இவ்வளவு தயங்கித் தயங்கி எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மலேசியாவில் கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. மற்ற இடங்களில் சனி, ஞாயிறு. (ஜொகூர் 2014-இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 தொடக்கத்தில் பழையபடி சனி, ஞாயிறுக்கே வந்துவிட்டது.) பினாங்கின் பெருநிலத்துக்கும் கெடாவுக்கும் வடக்கே மூடா ஆறுதான் எல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கரையில் ஆட்டிறைச்சிக் கடையில் வரிசை நிற்கும், அந்தக் கரையில் பள்ளி மணி அடிக்கும். ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் நிறைய உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டுகிறவர்கள் பலர் இருப்பார்கள்.

முதலில் டொராண்டோ. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுகிறார்கள். நவம்பர் நடுவில் மாலை ஐந்தடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. வெளிச்சத்தில் கணவன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சனி, ஞாயிறுதான் கதி. அதனால்தான் குளிரையும் பொருட்படுத்தாமல் வெளியே இறங்கி நடக்கிறார்கள். உங்கள் தங்கை அனுப்பிய படத்தில் இருக்கும் சந்தோஷம் உண்மையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சருகால் வந்த சந்தோஷம் இல்லை. கிடைத்த கொஞ்சப் பகலை இரண்டு பேரும் சேர்ந்து செலவழித்ததால் வந்தது. நமக்குப் பகலுக்குப் பஞ்சமில்லை. உங்களுக்குப் பஞ்சம் சேர்ந்த நாளுக்குத்தான்.

பருவம் இல்லையா என்று கேட்டீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுது அது. குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் கூடல். வெளியே வாடையும் மழையும், உள்ளே இரண்டு பேர். இதைவிடப் பொருத்தமான காலத்தை யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

சரி, அந்தக் காலத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது யார்? மழையா, மாமியாரா, கல்யாணமா என்று நீங்கள் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறீர்கள். நடுவில் ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை அவர் தூங்கி ஓய்வெடுக்கிறார் என்ற வரி. அடுத்த வரியில் ஞாயிறு வருகிறது, அந்த நாளில் நீங்கள் வீடு கழுவுகிறீர்கள். இரண்டு பேருக்கும் வாரத்தில் ஒரு தனி நாள் இருக்கிறது தங்கச்சி. ஒருவருடைய தனி நாள் விடுமுறை, மற்றவருடையது வேலைநாள். வெள்ளியன்று செய்யாத வேலையெல்லாம் தேங்கிச் சனிக்கிழமையில் வந்து விழுகிறது.

என் பெற்றோர் கெடாவில் பால்மரம் சீவியவர்கள். பட்டை ஈரமாக இருந்தால் மரம் சீவ முடியாது. பால் கோட்டோடு ஓடிக் கோப்பையில் விழாமல் பட்டை மேலெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் விடியற்காலை மழை என்றால் பெரட்டு (பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது) கிடையாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. (பால்மரம் இலை கொட்டுவது பிப்ரவரி, மார்ச் வாக்கில். அப்போதும் பால் குறையும். இலை உதிர்ந்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அது கையில் காசு குறைகிற காலம்.) நவம்பர் மழை நாட்களில் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். அப்பா சீவு கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பார். ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பார், உள்ளே கயிறு கட்டித் துணியை மாற்றிப் போடுவார், வாளி நிரம்பியதும் கொண்டுபோய்க் கொட்டுவார். அப்பா நல்லவர். அம்மாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் மழை விடுமுறை அவருக்கு மட்டும்தான் வந்தது. தோட்டத்தில் இருவரும் சமமாகத்தான் மரம் சீவினார்கள். அம்மா உட்பட அந்த லயத்தில் யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை.

உங்கள் கணவர் களைத்துப்போகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகள் முன் நிற்பது லேசான வேலை இல்லை. ஆனால் நீங்கள் வெள்ளி மாலை பதின்மூன்றரை கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில், மழையில், வரிசையாய் நிற்கும் கார்களுக்கு நடுவே ஊர்ந்து வீட்டுக்கு வருகிறீர்கள். அந்த நேரத்தில் துணி துவைத்து மடித்திருந்தால், விளக்கு ஏற்றியிருந்தால், ஒரு ரசமாவது அடுப்பில் இருந்தால், உங்கள் சனிக்கிழமை வெள்ளி இரவே தொடங்கிவிடும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மழைக்காலத்தில் பாதிச் சண்டை அதில்தான். வீட்டுக்குள் காயப்போட்ட துணியில் மூன்று இடம் காயவே காயாது. கால்சட்டையின் இடுப்புப் பட்டி, ஜீன்ஸின் பை, துண்டின் தடித்த ஓரம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். மடித்து அலமாரியில் வைத்த மறுநாள் ஒரு புளித்த வாடை அடிக்கும், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டும். இப்போது தாமானுக்குத் தாமான், குடியிருப்புக்குக் குடியிருப்பு, சுயசேவை டோபி கடைகள் வந்துவிட்டன. வெள்ளி காலையில் வீட்டு மெஷினில் துவைத்துப் பிழிந்ததைக் கூடையில் போட்டு எடுத்துப்போய், அங்கே உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் காசு விழுத்தினால், பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவதற்குள் சூடாக வந்துவிடும். சூடு ஆறுவதற்குள் மடிக்க வேண்டும், கூடையில் அமுக்கிக் கொண்டுவந்தால் சுருக்கம் நிற்கும். மெத்தை விரிப்பை மட்டும் தனியாக மடிப்பது கஷ்டம். அதை அவர் அப்படியே கொண்டுவரட்டும், இரவு இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடித்துக்கொள்ளலாம். பாடத்திட்டம் போட்டு நடத்துகிறவருக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

அதே மாதிரி கூலிம். மாமியாரைப் பார்க்க அவர் வெள்ளியன்று தனியாகப் போய் வரலாம். மருமகளும் வந்தால் அந்த அம்மா சமையலறையை விட்டு வெளியே வர மாட்டார். மகன் மட்டும் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீங்களும் சேர்ந்து போங்கள், நிறைவாகப் போங்கள்.

திறந்த இல்லங்களுக்கு இருவரும் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் தோழி வீட்டுக்கு ஞாயிறன்று நீங்கள். அவருடைய சக ஆசிரியர் வீட்டுக்கு வெள்ளியன்று அவர். முகூர்த்தம் ஞாயிறு காலை என்றால் அவருக்குப் பள்ளி, நீங்கள் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள். ரத்த உறவு என்றால் மட்டும் இருவரும். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கார்த்திகை முடிந்து மார்கழி வந்தால் கல்யாணப் பேச்சு தானே அடங்கிவிடும்.

இப்படிச் செய்தால் சனிக்கிழமை காலியாகக் கிடைக்கும். அதை என்ன செய்வது என்பது உங்கள் இருவர் விஷயம். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் இந்த மாதங்களில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கனக்கும், காலைதான் நம்முடையது. காரை பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு ஃபெர்ரி ஏறுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் புதிய ஃபெர்ரிகளில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும்தான். ஓட்டுகிற கவலை இல்லாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஜெட்டியிலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா. 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலில் ஒரு கும்பிடு, பசியாறல், அப்புறம் தண்ணீர்மலை. அங்கே 1884-இல் உண்டாக்கிய தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. பூ கிளை நுனியில் இருக்காது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்பு விட்டு, அதில் பூத்திருக்கும். முந்தின நாள் மழையில் உதிர்ந்தவை ஈரப்புல்லில் கிடக்கும், ஒன்றைக் கையில் எடுத்தால் விரலில் வாசனை நெடுநேரம் நிற்கும். சருகுதான் வேண்டும் என்றாலும் அங்கே பன்னிரண்டு மாதமும் உண்டு. கனமழை எச்சரிக்கை வந்திருந்தால் மட்டும் தீவுக்குப் போக வேண்டாம். 2017 நவம்பர் 4, அதுவும் ஒரு சனிக்கிழமைதான், அன்று மதியம் தொடங்கி விடிய விடியக் கொட்டி ஊரையே மூழ்கடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை.

எங்கும் போகாத சனிக்கிழமையும் வேண்டும். சொல்லப்போனால் அதுதான் அதிகம் வேண்டும் என்பேன். லேட்டாக எழுந்து, கோப்பி கலக்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் இருந்து, மழை வந்ததும் மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குப் படம் எதுவும் மிஞ்சாது. பரவாயில்லை.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சனிக்கிழமை இரவு வேண்டாம், மறுநாள் பள்ளி என்ற சுமை அவருக்கு இருக்கும். வியாழன் இரவு சொல்லுங்கள், அவருடைய விடுமுறை தொடங்கும் நேரம் அது. நீங்கள் எதுவும் செய்வதில்லை என்று தொடங்காதீர்கள். சனிக்கிழமை உங்களோடு இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று தொடங்குங்கள், அது உண்மையும்கூட. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. முதல் வாரங்களில் வெள்ளைச் சட்டையில் ஏதாவது சாயம் ஏறும், துண்டு கோணலாக மடிந்திருக்கும். அவர் மடித்ததைப் பிரித்து நீங்கள் மறுபடி மடிக்கப் போகாதீர்கள். என் மகன் துணி துவைக்கிறானா என்று கூலிமிலிருந்து கேள்வி வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதையும் வியாழன் இரவே பேசிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா