ஐந்து டன் சோப்பு

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடிக்கப்போகிறாள். துகள் மோதல் சோதனைகளில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். உறவில் ஒரு பெரியவர், “மூளை உள்ளவன் தியரிக்குப் போவான், சோதனை என்பது ஒயர் இழுக்கிற வேலை” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளாக அவள் சரியாகப் பேசவில்லை. துகள்களை மோதவிட்டுப் பார்ப்பதில் சிந்திக்க என்னதான் இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

மகளிடம் சாமுவேல் டிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். மிச்சிகனில் பிறந்து, சீனாவிலும் தைவானிலும் வளர்ந்தவர். 1974இல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அவருடைய குழு புரோட்டான்களை பெரிலியத்தின் மீது மோதவிட்டது. தெறித்து வருபவற்றில் அவர்கள் தேடியது எலக்ட்ரானும், அதன் நேர்மின் இரட்டையான பாசிட்ரானும் சேர்ந்த இணையை. வேறு துகள் இணைகள் பத்துக் கோடி வந்தாலும் ஒன்றைக்கூட அதுவென்று ஏமாந்துவிடாத கருவி வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைக்காது, யோசித்து யோசித்துக் கட்ட வேண்டும்.

அவ்வளவு புரோட்டான்களைக் கொட்டினால் கதிர்வீச்சும் வெள்ளமாக வரும். அதைத் தடுக்கச் சுமார் 10,000 டன் கான்கிரீட் அடுக்கினார்கள். கூடவே 5 டன் சோப்பு! அந்தக் கதிர்வீச்சில் வரும் நியூட்ரானை நிறுத்த அதே எடையுள்ள ஒன்று எதிரில் வேண்டும். கோலி சுவரில் பட்டால் திரும்பி வரும், இன்னொரு கோலியில் நேராகப் பட்டால் நின்றுவிடும் அல்லவா? சோப்பில் நிறைய ஹைட்ரஜன் உண்டு, அதன் அணுக்கரு நியூட்ரானின் எடைதான். போராக்ஸ் கலந்த சோப்பு என்றால், வேகம் குறைந்த நியூட்ரானை அதிலுள்ள போரான் விழுங்கிவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். இதை ஒயர் இழுக்கிற வேலை என்று எப்படிச் சொல்வது?

கிடைத்த இணைகளை நிறைவாரியாக வரைபடத்தில் குறித்தபோது, 3.1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகு) ஊசிபோல ஒரு முகடு எழுந்தது. டிங் உடனே அறிவிக்கவில்லை, முதலில் தம் கருவியைத்தான் சந்தேகப்பட்டார். காந்தங்களின் மின்னோட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்தார்கள். இப்போது துகள்கள் கருவியின் வேறு பகுதிகள் வழியே போகும். கோளாறு கருவியில் இருந்தால் முகடும் இடம் மாறும். மாறவில்லை. அப்படியென்றால் அது உண்மையிலேயே ஒரு புதிய துகள்.

அதே துகளை கலிபோர்னியாவில் பர்ட்டன் ரிக்டர் குழு எதிர்த்திசையிலிருந்து வந்து பிடித்திருந்தது. அவர்கள் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டார்கள். 1974 நவம்பர் 11 அன்று இரு செய்திகளும் சேர்ந்து வெளிவந்தன. டிங் குழு அதை ஜே என்றது, ரிக்டர் குழு சை என்றது. அதனால்தான் அதற்கு ஜே/சை என்று இரட்டைப் பெயர். புரோட்டான் போன்றவற்றின் உள்ளே இருக்கும் அடிப்படைத் துகளான குவார்க்கில் நான்காவதாக ஒரு வகை இருக்க வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். பலர் நம்பவில்லை. இந்த முகட்டுக்குப் பிறகுதான் நம்பினார்கள்.

1976இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். விருந்து உரையை டிங் சீன மொழியில் நிகழ்த்தினார். மனத்தால் உழைப்பவன் கையால் உழைப்பவனை ஆள்வான் என்ற பொருளில் ஒரு பழைய சீன வாக்கு உண்டு. வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு அந்த எண்ணம் பெரிய கேடு, ஓரளவு அதனால்தான் அவர்களில் பலர் சோதனையைத் தவிர்த்துக் கோட்பாட்டுக்குப் போகிறார்கள் என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னதும் அந்த வாக்குதான். தவறு அவருடையது மட்டுமல்ல, நம் கல்லூரிகளில் சோதனைக்கூடம் ரெக்கார்டு நோட்டு எழுதும் இடமாகிவிட்டது.

வழி இங்கேயே இருக்கிறது. ஜெனிவாவில் உள்ள செர்ன் என்ற பன்னாட்டுத் துகள் ஆய்வகத்தின் சிஎம்எஸ் என்ற மோதல் சோதனையில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐஐடியும் பங்கேற்கின்றன. மகளை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். எந்தக் கருவியில் கைவைக்க ஆசை என்று எனக்கும் அவளே எழுதட்டும்.

அன்புடன்