1/32 ஃபேண்டம் ஏன் பொம்மை மாதிரித் தெரிகிறது?

கேள்வி: இதுவரை 1/72 அளவில் மட்டும் போர் விமான மாடல்கள் செய்துவந்தேன். இப்போது முதன்முறையாக 1/32 அளவில் எஃப்-4இ ஃபேண்டம். காக்பிட்டை முடித்து, உடல் பகுதியை ஒட்டியாயிற்று. வியட்நாம் போர்க்காலத்து பழுப்பு, இரண்டு பச்சை கேமோ (உருமறைப்பு நிறங்கள்) அடிக்க ஆசை. கழற்றி வைத்திருக்கும் ஒரு கிடைவாலில் அடித்துப் பார்த்தேன். பச்சைப் பகுதி பொம்மை மாதிரி இருக்கிறது. உலோகப் பகுதி பளபளவென்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ரெசின் வார்ப்பு, போட்டோ எட்ச் (அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு) உதிரிகள் வாங்கிப் போட்டால் சரியாகுமா? பெயிண்டில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: உதிரிகள் வாங்குவதால் இது சரியாகாது. உங்கள் சிக்கல் நுணுக்கம் குறைவாக இருப்பதில் இல்லை, வெற்றுப் பரப்பு அதிகமாகிவிட்டதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72-லிருந்து 1/32-க்கு வரும்போது நீளம் இரண்டேகால் மடங்கு ஆகிறது, பரப்பு ஐந்து மடங்கு ஆகிறது. நிஜ எஃப்-4இ சுமார் 19.2 மீட்டர் நீளம், 11.7 மீட்டர் இறக்கை அகலம். உங்கள் மேசையில் அது 60 செ.மீ. நீளமும் 36 செ.மீ.க்குச் சற்று அதிகமான அகலமுமாக உட்கார்ந்திருக்கும். சின்ன மாடலை ஒரே பார்வையில் கண் முழுதாக வாங்கிக்கொள்ளும். இவ்வளவு பெரிய மாடலில் கண் ஊர்ந்து போகும். ஊர்ந்து போகிற வழியில் ஒரு சாண் தூரத்துக்கு ஒரே பச்சை என்றால், அது பிளாஸ்டிக்தான் என்று மூளை முடிவு கட்டிவிடும். அதனால் இந்த அளவில் உழைப்பின் பெரும்பகுதி பெயிண்டுக்குள்ளேயே போக வேண்டும்.

இருந்தாலும் உதிரிகளைப் பற்றிக் கேட்டதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இருக்கைகளை வாங்குங்கள். ஃபேண்டமில் இருப்பவை மார்ட்டின்-பேக்கர் எம்.கே.7 இருக்கைகள்; தலைப்பகுதியில் கைப்பிடி வளையங்கள், பக்கங்களில் குழாய்கள், பட்டைகள் என்று நெரிசலானவை. மேல்மூடிகளைத் திறந்து வைத்தால் பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். உடலை ஒட்டிவிட்டதால் கவலை வேண்டாம், இருக்கைகளை மேலிருந்து இறக்கிவிடலாம். அடுத்தது, எடையில் லேசாகத் தட்டையான ரெசின் சக்கரங்கள். சக்கரக் குழிகளுக்கு முழு ரெசின் தொகுப்பு தேவையில்லை. 0.3 முதல் 0.5 மி.மீ. ஈயக் கம்பியை வளைத்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் நாலைந்து குழாய்கள் ஓட்டினால் போதும். 0.3 மி.மீ. கம்பி என்றால் நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் குழாய். ஹைட்ராலிக் குழாய்க்குப் பொருத்தமான தடிமன்தான். தரையிறங்கு கால்களில் பிரேக் குழாயை மறக்காதீர்கள். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அருங்காட்சியகத்து ஃபேண்டம் படங்களைப் பார்த்து அமைப்பைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் நிறத்தை அங்கிருந்து எடுக்காதீர்கள். காட்சிக்கு வைத்த விமானங்களை மறுபடி பெயிண்ட் அடித்திருப்பார்கள். பல சமயம் நிறமும் பளபளப்பும் போர்க்காலத்தோடு ஒத்துப்போகாது.

சரி, பெயிண்டுக்கு வருவோம்.

முதலில் சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு) மெல்லியதாக ஒரு அடுக்கு. இது நிறத்துக்காக இல்லை, ஒட்டுக்கோடுகளில் விட்ட குறையைக் காட்டிக்கொடுப்பதற்காக. ஃபேண்டமில் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாய்) உள்பக்கத்தையும், முதுகு, வயிற்றுக் கோடுகளையும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். புட்டி வைத்துத் தேய்த்ததில் பேனல் கோடு (தகடுகள் சந்திக்கும் கோடு) அழிந்திருந்தால், தடித்த ஒட்டுப்பட்டையை வழிகாட்டியாக வைத்து மறுபடி கீறிவிடுங்கள். ஆழமாகக் கீற வேண்டாம். 0.3 மி.மீ. அகலக் கோடு நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் பிளவு. அப்படி ஒரு பிளவோடு எந்த ஜெட்டும் பறக்காது. கிட்டில் இருக்கிற கோடுகளே அளவுக்கு மீறியவைதான். அதைக் கறுப்பால் நிரப்புவதுதான் பல மாடல்களைக் கெடுக்கிற பழக்கம்.

இனி உலோகப் பகுதி. கேமோவுக்கு முன்னாடியே இதை முடித்துவிடச் சொல்வேன். மேட் (பளபளப்பில்லாத) பச்சையின் மேல் சில்வர் துகள் பறந்து உட்கார்ந்தால் மறைக்க வழியில்லை. காய்ந்த உலோக லாக்கரோ மூடுபட்டையைத் தாங்கும்.

உங்கள் சில்வர் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது தெரியுமா? ஒரே சில்வரை அடித்திருக்கிறீர்கள். ஃபேண்டமின் இரண்டு ஜே79 இன்ஜின்களும் வாலுக்கு முன்னாலேயே, வயிற்றுப் பக்கமாகத் திறக்கின்றன. அவற்றின் மேலே பின்னோக்கி நீளும் உடல் பகுதி முழுக்க அந்தச் சூட்டில் வேகிறது. பெயிண்ட் அங்கே நிற்காது. அதனால்தான் அந்த இடமும் கிடைவால்களின் உள்பகுதியும் வெறும் உலோகமாகவே இருக்கின்றன. பல தகடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சூடேறியவை. ஆகவே ஸ்டீல், அடர் அலுமினியம், கருகிய இரும்பு, கொஞ்சம் மங்கலான டைட்டானியம் என்று மூன்று நான்கு சாயல்களாவது வேண்டும். பேனல் பேனலாக மறைத்து அடியுங்கள். கீழே பளபளப்பான கறுப்பு அடுக்கு போடுங்கள். அதில் தூசியோ சொரசொரப்போ இருந்தால் மேலே வரும் உலோகம் அதை அப்படியே பெரிதாக்கிக் காட்டும். 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தடவிவிட்டுத் தொடங்குவது நல்லது. உலோக வண்ணத்தைக் குறைந்த அழுத்தத்தில், கிட்டத்தட்ட ஈரமே தெரியாத மெல்லிய அடுக்குகளாகத் தூவ வேண்டும்.

அப்புறம் சூட்டுச் சாயம். எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, அதற்கும் மேலே நீலம் என்று நிறம் மாறும். எனவே சூடு அதிகமான இடத்துக்கு அருகில் நீலம், தள்ளிப் போகப் போக மஞ்சள். பலர் இதைத் தலைகீழாக அடித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் கிளியர் நீலம், கிளியர் ஆரஞ்சு, ஸ்மோக் மூன்றையும் தின்னரில் தாராளமாகக் கரைத்து, தகட்டு விளிம்புகளை ஒட்டி லேசாக ஊதுங்கள். வானவில் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இந்தப் பகுதியின் மேல் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) போடாதீர்கள், உலோக மினுக்கம் செத்துப்போகும். ஒரு இரவு காயவிட்டு, ஒட்டு குறைந்த மூடுபட்டையால் மறைத்துவிட்டு மற்ற வேலைக்குப் போகலாம்.

இப்போது கேமோ. அமெரிக்க விமானப்படை அப்போது பயன்படுத்திய நிறங்கள்: பழுப்பு எஃப்.எஸ். (அமெரிக்க அரசின் நிறத் தர எண்) 30219, நடுத்தரப் பச்சை எஃப்.எஸ். 34102, அடர் பச்சை எஃப்.எஸ். 34079, அடிப்பக்கம் வெளிர் சாம்பல் எஃப்.எஸ். 36622. மாடல் பெயிண்ட் நிறுவனங்கள் பலவும் இந்த எண்களை வைத்தே பெயிண்ட் பாட்டில்கள் விற்கின்றன. எண் சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளைச் சொல்கிறது. தென்கிழக்கு ஆசிய வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நின்ற விமானத்தைச் சொல்லவில்லை.

குறை பார்க்க அடித்த சாம்பல் பிரைமரின் மேல் கறுப்பு பிரைமர் அடித்துத் தொடங்குங்கள். முதல் நிறத்தை ஒரு பங்கு பெயிண்ட், இரண்டு மூன்று பங்கு தின்னர் என்று நீர்க்கக் கலந்து, 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசிலில், 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில், பரப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துக் கிறுக்குங்கள். ஆமாம், கிறுக்கல்தான். புள்ளி, நெளிவு, சுழி, எதுவும் ஒரு ஒழுங்கில் வரக் கூடாது. இடையிடையே கறுப்பு தெரியட்டும். அடுத்து அதே நிறத்தில் கொஞ்சம் வெள்ளையோ மணல் நிறமோ சேர்த்து, சில பேனல்களின் நடுவில் மட்டும் ஒரு சுற்று. கொஞ்சம் சாம்பல் சேர்த்து இன்னொரு சுற்று, வேறு இடங்களில். பார்க்க அசிங்கமாக இருக்கும். இந்தக் கட்டத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் மூடி அடித்துவிடுகிறவர்கள் அதிகம், அதைச் செய்யாதீர்கள். கடைசியாக அசல் நிறத்தை எண்பது சதவீதத்துக்கு மேல் தின்னர் கலந்து, 15 பிஎஸ்ஐ சுமாருக்கு, கொஞ்சம் தூரத்திலிருந்து மூடுபனியாகத் தூவுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேறுபாடு குறைந்துகொண்டே வரும். நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி அதிக வேறுபாடு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மேலே வரப்போகும் கிளியர் கோட், வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த சாயம்), மேட் எல்லாம் அதை இன்னும் அமுக்கும்.

வரிசை: அடிப்பக்கச் சாம்பல், பழுப்பு, நடுத்தரப் பச்சை, அடர் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் இந்தக் கிறுக்கல் கதை முழுவதும் உண்டு. ஐந்து மடங்கு பரப்பு என்று சொன்னேனே, அதன் விலை இங்கேதான் தெரியும். நிறங்கள் சந்திக்கும் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கக் கூடாது, புகை மாதிரியும் இருக்கக் கூடாது. நிஜத்தில் அந்த மங்கல் ஐந்தாறு சென்டிமீட்டர் என்று வைத்தால் 1/32-ல் அது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கை பழகியவர்கள் நேரடியாக அடிக்கலாம். இல்லையென்றால் ப்ளூ டாக் போன்ற ஒட்டுக்களியைச் சப்பாத்தி மாவு மாதிரி உருட்டிக் கயிறாக்கி எல்லையில் ஒட்டி, ஏர்பிரஷை நேர் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் கயிற்றுக்கு அடியில் பெயிண்ட் புகுந்து மங்கல் அகலமாகிவிடும். மூக்குக் கூம்பு கறுப்பு. அதையும் சுத்தக் கறுப்பாக அடிக்காமல் மிக அடர்ந்த சாம்பலில் அடித்தால் வடிவம் கண்ணுக்குத் தெரியும்.

லாக்கர் அடிக்கும்போது ஜன்னலைத் திறப்பது மட்டும் போதாது, கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

டீக்கால்களுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னப் படலங்கள்) முன் பளபளப்பான கிளியர் கோட். டீக்காலுக்கு அடியில் வெள்ளியாகத் தெரியும் திட்டுகள், சொரசொரப்பான பரப்பில் சிக்கிக்கொண்ட காற்றுதான். பரப்பு வழவழப்பாக இருந்தால் பாதித் தொல்லை ஒழிந்தது. இருந்தும் வந்துவிட்டால், நுண்ணிய ஊசியால் அங்கங்கே குத்தி, டீக்கால் மென்மையாக்கியை மறுபடி தடவுங்கள். ஃபேண்டமின் உடலெங்கும் எச்சரிக்கை எழுத்துகள் ஏராளம், அதுவும் இந்த அளவில் படிக்கவே முடியும். ஒரே மூச்சில் உட்கார்ந்து ஒட்ட முயலாதீர்கள். வெற்றுப் பரப்பை உடைப்பதில் இந்தப் பொடி எழுத்துகளுக்கு ரெசின் உதிரிகளைவிட அதிகப் பங்கு உண்டு, அதனால் சலிப்பில் பாதியை விட்டுவிட வேண்டாம்.

டீக்கால்களை இன்னொரு கிளியர் கோட்டால் மூடியபின் வாஷ். கேமோவில் அடர் பழுப்பு, அடியில் நடுத்தரச் சாம்பல், வெள்ளைச் சக்கரக் குழிகளில் சாம்பல் கலந்த பழுப்பு. கறுப்பு எங்கேயும் வேண்டாம். அடிக்கடி திறந்து மூடும் பராமரிப்புக் கதவுகளின் கோடு கொஞ்சம் அழுத்தமாக, மற்றவை தேடினால் தெரிகிற அளவில் இருந்தால் போதும்.

அழுக்குக்குத் திசை உண்டு. பறக்கும்போது கசிந்த எண்ணெய் பின்னோக்கி இழுபடும். நின்றிருக்கும்போது கசிந்தது நேராகக் கீழே வழியும். இரண்டும் ஒரே விமானத்தில் இருக்கும். அடிப்பக்கம் எப்போதும் மேல்பக்கத்தைவிட அழுக்கு. இறக்கையின் வேர்ப்பகுதியில், ஆட்கள் ஏறி நடக்கும் இடத்தில் காலடி மங்கல். எஃப்-4இ-யின் மூக்குக்கு அடியில் எம்61 வல்கன் பீரங்கி இருப்பதால் அதன் வாய்ப்பகுதியைச் சுற்றி லேசாகப் புகைக் கறை. எண்ணெய் வண்ணத்தைப் புள்ளியாக வைத்து, தின்னரில் நனைத்து ஒற்றியெடுத்த தட்டைத் தூரிகையால் காற்றோட்டத் திசையில் இழுத்தால் இதெல்லாம் வந்துவிடும்.

மேட் கோட்டில் கடைசி நுணுக்கம் ஒன்று: எல்லா இடத்துக்கும் ஒரே மேட் போடாதீர்கள். கேமோ மேட், மூக்குக் கூம்பு அரைப் பளபளப்பு, அடிச் சாம்பல் இரண்டுக்கும் நடுவில், எண்ணெய்க் கசிவு ஈரப் பளபளப்பு, டயர் முழு மேட், தரையிறங்கு காலின் அதிர்வு தாங்கும் தண்டு குரோம். நிறத்தைவிட இந்த மினுக்க வேறுபாடு பொம்மைத்தனத்தை வேகமாகப் போக்கும். இதைத் தூரிகையாலும் செய்யலாம், செலவே இல்லை.

மேல்மூடிக் கண்ணாடிகளின் மூடுபட்டைகளை இதற்குப் பிறகுதான் உரிக்க வேண்டும். ஆன்டெனாக்கள், ஏவுகணைகள், தொட்டிகள் அதற்கும் அப்புறம். வயிற்றில் உள்ள நான்கு ஸ்பாரோ பள்ளங்களையும் ஏவுகணைகளால் நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. அந்தக் காலத்து எஃப்-4இ-களில் முன் பள்ளம் ஒன்றில் ரேடாரைக் குழப்பும் மின்னணுக் கருவிக் கூட்டைப் பொருத்தினார்கள். கிட்டில் அந்தக் கூடு இருந்தால் அதையே போடுங்கள். வயிற்றில் ஒழுங்கு குலையும், பார்க்க நன்றாக இருக்கும்.