கப்பலேறிய பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். பத்தாண்டுகளாக ஆங்கில வரலாற்றுக் காதல் நாவல்களை விடாமல் படித்து வருகிறேன். பிரபுக்களும் நடன விருந்துகளும் நிறைந்த லண்டன் கதைகள்தான் அதிகம். கம்பெனி காலத்து இந்தியாவில் நடப்பவையும் உண்டு. படிக்கும் வரை தோய்ந்து படிக்கிறேன், மூடி வைத்ததும் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல் இருக்கிறது. "நம்மை ஆண்டவர்களோடு என்னம்மா காதல்?" என்று என் மகள் கேட்கிறாள். ஆண்டவருக்கும் ஆளப்பட்டவருக்கும் நடுவே உண்மையில் காதல் இருந்ததா, அல்லது அது நாவலாசிரியர்கள் கட்டியதா?

இன்னொன்று. 1803-ஆம் ஆண்டு மதராஸில் நடக்கும் ஒரு காதல் நாவலை நானே தமிழில் தொடங்கியிருக்கிறேன். கம்பெனிப் படையின் இளம் அதிகாரி துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி, மெரினா வழியே குதிரையில் வரும்போது ஒரு துபாஷியின், அதாவது கம்பெனிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவரின், மகளைக் காண்கிறான். முதல் அத்தியாயத்தை இணைத்துள்ளேன். இது எழுதத் தகுந்த கதைதானா என்று சொல்ல வேண்டுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

காதல் இருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குற்றவுணர்வு தவறான இடத்தில் போய் நிற்கிறது. அந்த நாவல்களில் பொய்யாக இருப்பது காதல் அல்ல. கல்யாணத்தோடு கதை முடிந்துவிடுகிறது என்பதே அவற்றின் பெரிய பொய். கம்பெனி காலத்து மதராஸில் ஒரு வெள்ளைக்காரரும் ஓர் உள்ளூர்ப் பெண்ணும் சேர்ந்து வாழ்வது அத்தனை கடினமாக இருக்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளை யாருடையது, எந்த நாட்டில் வளர வேண்டும், அதற்கு எந்தப் பெயர் என்ற கேள்விகள் எழுந்தபோதுதான் எல்லாம் உடைந்தது. அந்த இடத்துக்கு வருவதற்குள் நாவல் 'சுபம்' போட்டுவிடுகிறது.

கம்பெனியின் காகிதங்களே இதற்குச் சாட்சி. 1687-இல் லண்டனிலிருந்த இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் வெள்ளைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கக் கொஞ்சம் செலவு செய்யவும் தயார் என்றும், அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் பொற்காசு தரலாம் என்றும் யோசனை சொன்னார்கள். கோட்டைக்கு அன்று ஆள் தேவைப்பட்டது. சரியாக 104 ஆண்டுகள் கழித்து, 1791-இல், அதே கம்பெனி, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கும் எவருக்கும் தன் சிவில், ராணுவ, கடற்படை வேலைகளில் இடமில்லை என்று விதித்தது. அந்த வேலைகள் இப்போது சீமையிலிருந்த சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தன என்பது ஒரு காரணம். வராகன் கொடுத்துப் பிறக்கச் சொன்ன பிள்ளையின் பேரனுக்கு வாசற்கதவு சாத்தப்பட்டது. உங்கள் கதாநாயகன் 1803-இல் காதலிக்கும்போது இந்த விதிக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கும் அது தெரியும், துபாஷிக்கும் தெரியும், உங்கள் முதல் அத்தியாயத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இந்தப் பொருளில் என்னை விட்டு நீங்காத ஒரு படம் உண்டு. ஐதராபாத்தில் கம்பெனியின் தூதுவரான ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், அந்நகரத்தின் உயர்குடியைச் சேர்ந்த கைருன்னிஸாவை இஸ்லாமிய முறைப்படி மணந்தார். அவர் காதலித்தார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதற்காகத் தன் பதவியையே பணயம் வைத்தார், விசாரணைகளைச் சந்தித்தார். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். 1805-இல், ஐந்து வயதுகூட நிரம்பாத அந்த இரண்டு பிள்ளைகளையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவாயிற்று. கப்பல் புறப்பட்டது நம் மதராஸிலிருந்து. அதற்கு முன், அப்போது இங்கே வசித்த ஜார்ஜ் சின்னரி என்ற ஓவியர் அவர்களை ஐதராபாத் உடையில் நிற்கவைத்து வரைந்தார். அந்த உடையை அவர்கள் மறுபடி அணியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை கல்கத்தாவில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு லண்டனில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான், சாகிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனாள். தாய் 1813-இல் இறக்கும்வரை அவர்களைப் பார்க்கவே இல்லை. மகள் கிட்டி பின்னாளில் தாமஸ் கார்லைல் என்ற இளம் எழுத்தாளரைக் கவர்ந்தாள் என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. நம் கடற்கரையிலிருந்து ஒரு படகில் ஏற்றப்பட்ட மூன்று வயதுப் பெண் அன்று என்ன மொழியில் அழுதாள் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படகு என்றவுடன் உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். 1803-இல் மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் மனிதர்களும் மூட்டைகளும் அலையைக் கடந்து கரைக்கு வர வேண்டும். ஆணியடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். சீமையிலிருந்து மாதக்கணக்கில் கடலில் வந்த துரை, கடைசி நாழிகையில் தன் உயிரை நம் மீனவர்களின் கையில் கொடுத்து, நனைந்து, நடுங்கி, பெரும்பாலும் ஓர் ஆளின் தோளில் ஏறித்தான் மதராஸில் காலடி வைத்தான். உங்கள் நாயகன் படியில் மிடுக்காக இறங்குவதைவிட இது எவ்வளவு நல்ல தொடக்கம்! மெரினாவும் அப்போது இல்லை. அந்த உலாச்சாலையும் பெயரும் 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் தந்தவை. அவன் குதிரையேறிச் செல்ல ஓரிடம் வேண்டுமென்றால் 1802-இல் கட்டி முடித்த விருந்து மண்டபத்துக்கு அனுப்புங்கள். பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளின் நினைவாக, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருந்தபோது கட்டியது. துரைசானிகள் நடனமாடிய அந்தக் கூடம்தான் நம் ராஜாஜி மண்டபம். அண்ணாவையும் எம்.ஜி.ஆரையும் கடைசியாகப் பார்க்க நாம் வரிசையில் நின்றது அதே படிகளில்தான் என்பதை எண்ணும்போது, அந்த நடனக் காட்சியை எழுத எனக்கே ஆசை வருகிறது.

நீங்கள் தேர்ந்த ஆண்டு உண்மையில் அருமையானது, ஆனால் அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. இந்தியாவில் நடக்கும் ஆங்கிலக் காதல் நாவலுக்கு ஒரு கலகம் தேவைப்பட்டால் அது உடனே 1857-க்கும் வடக்கேயும் ஓடிவிடும். உங்கள் 1803-க்கு முன்னும் பின்னும் பாருங்கள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-இல். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும், ஆற்காட்டு நவாபின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டதும் 1801-இல். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலையில். உங்கள் நாயகன் இந்த இரண்டு நெருப்புக்கும் நடுவே வந்து இறங்குகிறான். அவனுடைய படைப்பிரிவின் மூத்த அதிகாரிகள் பாளையங்களிலிருந்து இப்போதுதான் திரும்பியிருப்பார்கள். அவர்கள் விருந்து மேசையில் என்ன பேசுவார்கள், பரிமாறுகிறவன் அதில் எத்தனை சொற்களைப் புரிந்துகொள்வான்?

அடுத்தது பணம். நீங்கள் விரும்பிப் படிக்கும் லண்டன் கதைகளில் நாயகனுக்கு ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் பவுன் வருமானம் என்று முதல் பக்கத்திலேயே வந்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் வராது. சில சீமை மாளிகைகளின் பணம் ஆற்காட்டு நவாபின் அரண்மனை இருந்த சேப்பாக்கத்திலிருந்து போயிருக்கிறது. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே செழித்த கம்பெனி ஊழியர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களில் பால் பென்ஃபீல்டு என்பவர் சில நூறு பவுன் சம்பளக்காரர். 1776-இல் தஞ்சாவூர் வருவாயின் மேல் 1,62,000 பவுனும், வயலில் நின்ற பயிரின் மேல் 72,000 பவுனும் தனக்கு வரவேண்டும் என்று கோரினார். அறுவடையாகாத நெல்லுக்கு! அந்தக் கோரிக்கையைச் சுற்றி எழுந்த சண்டையில் மதராஸ் ஆளுநர் பிகட்டே சிறைப்பட்டு, காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்டு பின்னர் சீமைக்குப் போய்ப் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார். நடனக் கூடத்தில் அழகாக வணங்கி நிற்கும் பிரபுவின் கடிகாரச் சங்கிலியில் காவிரிக்கரை நெல் தொங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த நாவல் கெட்டுப்போகாது. எனக்கு அதன் சுவை கூடத்தான் செய்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்தில் நடக்கும் ரீஜன்சி நாவல்களின் குலதெய்வமான ஜேன் ஆஸ்டினின் வீட்டிலேயே இந்தக் கதை உண்டு. அவருடைய அத்தை பிலடெல்ஃபியா, சீமையில் வரன் அமையும் வசதியில்லாத அநாதைப் பெண், 1752-இல் கப்பலேறி மதராஸ் வந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கடலூர் புனித டேவிட் கோட்டையின் மருத்துவர் ஹேன்காக்கை மணந்தார். அதே 1753 பிப்ரவரியில்தான் நம் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட்டுக்கும் கல்யாணம் நடந்தது. இப்படி மாப்பிள்ளை தேடி வந்த பெண்களைப் பிற்காலத்தில் 'மீன்பிடிக் கப்பல்கள்' என்று கேலி செய்தார்கள். வரன் அமையாமல் திரும்பியவர்களுக்குக் 'காலிப் பாத்திரங்கள்' என்று இன்னும் கொடிய பெயர். ஆளும் இனத்தில் பிறந்திருந்தும் தன் வாழ்க்கையை ஆள முடியாத அந்தப் பெண்களுக்காக எழுதப்படும் காதல் நாவல்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உங்கள் நாயகியைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம். செல்வாக்குள்ள துபாஷி ஒருவரின் மகள் அந்தக் காலத்தில் சின்ன வயதிலேயே மணம் முடிக்கப்பட்டிருப்பாள். தெருவில் போகும் துரையின் கண்ணில் படும்படி நின்றிருக்கமாட்டாள். கம்பெனிக்காரர்களோடு வாழ்ந்த பெண்கள் பெரும்பாலும் ஏழைக் குடிகளிலிருந்தும் போர்ச்சுகீசியப் பறங்கி வழிக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். வங்காளத்தில் 1780-களின் முற்பாதியில் எழுதப்பட்ட வெள்ளையர் உயில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இத்தகைய ஒரு பெண்ணுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ ஏதாவது விட்டுச் சென்றது. காதல் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அடுத்த அரை நூற்றாண்டில் அந்தப் பெண்கள் உயில்களிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். நாயகி அவர்களில் ஒருத்தியாக இருக்கட்டும். துபாஷியை விட்டுவிடாதீர்கள், அவரை அப்பாவாக வைத்து வீணாக்காமல் கதை சொல்பவராக வையுங்கள். இரண்டு மொழியும், கடன் பத்திரத்தின் பொடி எழுத்தும், உயிலில் யார் பெயர் விடுபட்டது என்பதும் தெரிந்த ஒரே ஆள் அவர். அவருக்கு எந்தத் தமிழ் என்று தேடினால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படியுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்ஸின் துபாஷியாக இருந்தவர், துரையின் மனைவியைப் பற்றித் தனக்குள் பொருமிக்கொள்ளும் பக்கங்கள் ஒவ்வொன்றும் உங்களுக்குப் பாடம்.

நீங்கள் அந்தப் பிள்ளையையும் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். கப்பலேற்ற வசதியில்லாத, இறந்துபோன வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஓர் ஆண்கள் விடுதி 1789-இல் தொடங்கியது. அங்கே ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் விரலால் எழுதும் நம் திண்ணைப் பள்ளி வழக்கத்தையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் கையாண்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போயிற்று. முறை சீமைக்குப் போனது. அந்தப் பிள்ளைகள் எழும்பூரிலேயே இருந்தார்கள்.

முதல் அத்தியாயத்தைக் கிழித்துப்போட வேண்டாம், மசூலாப் படகிலிருந்து திரும்ப எழுதுங்கள். உங்கள் மகள் கேட்ட கேள்வியைத் துபாஷியின் மனைவி, ஒரு நாள் இரவு சாதம் போட்டுக்கொண்டே அவரிடம் கேட்கட்டும். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.