கேனோபி வெளுத்தது, விமானம் வாலில் உட்கார்ந்தது: பிளாஸ்டிக் மாடல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒன்று கெட்டுப்போன பிறகு எழுதியவை. அதில் தப்பே இல்லை, நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

1/48 ஸ்பிட்ஃபயர் விமானம் (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு அளவு). எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக கேனோபியை (விமானி இருக்கை மேல் வரும் கண்ணாடி மூடியை) சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி வெள்ளை. போச்சா?

போகவில்லை. சூப்பர் க்ளூ காயும்போது அதிலிருந்து எழும் ஆவி பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மேல் படிந்து வெளுக்கிறது, அவ்வளவுதான். வெளிப்பக்கம் மட்டும் என்றால் மிக மெல்லிய பாலிஷ் தேய்த்து, மேலே பளபளப்பான கிளியர் அக்ரிலிக் ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். உள்பக்கமும் வெளுத்திருந்தால் கேனோபியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், பிளேடை மெதுவாக விட்டு நெம்புங்கள், அவசரப்பட்டால் விரிசல் விழும். இனிமேல் கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான். காய நேரம் எடுக்கும், ஆனால் பிசிறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

விமானம் 1/72, டாங்கி 1/35. இந்த 35 எங்கிருந்து வந்தது? கணக்கே ஒத்துவரவில்லையே.

72 அடி-அங்குலக் கணக்கு: ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். 35-க்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடவிட வேண்டும், அதற்கு இடம் போதுகிற அளவில் உடலைச் செய்துவிட்டு அப்புறம் அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35 வந்தது. அது நன்றாக விற்க, மற்ற நிறுவனங்களும் அதே அளவுக்கு வந்துவிட்டன. உங்கள் அலமாரியில் இருக்கும் டாங்கிகளின் அளவைத் தீர்மானித்தது ஒரு பேட்டரி என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னங்கள்) ஒட்டிக் காய்ந்ததும் எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னுகிறது. மூன்று மாடலிலும் இதே கதை.

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் நேராக ஒட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேட் பரப்பு சொரசொரப்பானது, அந்தப் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொண்டு மின்னுகிறது. முதலில் கிளாஸ் (பளபளப்பு) கோட், ஒரு நாள் காய விடுங்கள், அப்புறம் டெக்கால், கடைசியில் மேட் கோட். அடியில் மைக்ரோ செட், மேலே மைக்ரோ சால், இரண்டும் டெக்காலைப் படிய வைக்கும் திரவங்கள். இரண்டாவதைத் தடவியதும் டெக்கால் சுருங்கிக் கோணலாகப் போகும், பார்க்கவே வயிற்றைக் கலக்கும். தொடாதீர்கள். காயும்போது தானாகவே இழுத்துக்கொண்டு படிந்துவிடும். ஏற்கெனவே ஒட்டியதை ஊசியால் அங்கங்கே குத்திவிட்டு மைக்ரோ சால் விட்டுப் பாருங்கள், ஓரளவு சரியாகும்.

சென்னை. நவம்பரில் ஸ்ப்ரே கேனில் அடித்த லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) பால் மாதிரி வெளுத்துவிட்டது.

மழைநாளில் லாக்கர் அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் பெயின்டுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. வெயில் வந்த பிறகு லேசாக லாக்கர் தின்னரைப் பனி மாதிரி தூவினால் பலமுறை தெளிந்துவிடும்.

பி-38 லைட்னிங் கட்டினேன். சக்கரத்தில் நிறுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காருகிறது.

மூக்கில் எடை வைக்கச் சொல்லி வழிகாட்டித் தாளில் ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கும். இந்த விமானத்துக்கு அது மிக முக்கியம், பின்னால் அவ்வளவு நீளம். இப்போது முன்சக்கரப் பள்ளத்தின் உள்சுவரில் சின்னத் துளை போட்டு, மீன்பிடிக்கப் பயன்படும் பொடி ஈயக்குண்டுகளைப் போட்டு எபாக்ஸி பசை விடுங்கள். மூக்கு கீழே பார்த்தபடி காயட்டும். இதற்கு மட்டும் வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம்: ஈயத்தோடு சேர்ந்தால் நாளடைவில் வெள்ளைப் பூத்து உப்பி, ஒட்டிய உடலையே பிளந்துவிடும்.

1/35 டி-72 டாங்கி. அப்பா ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அவருக்காக ஆரம்பித்தேன். டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) ஒவ்வொரு கண்ணியாக ஒட்ட வேண்டியிருக்கிறது, பாதியில் வெறுத்து எட்டு மாதமாகப் பெட்டியில் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆவடியில் நிஜ டி-72-க்கு அஜேயா என்று பெயர் வைத்து உருவாக்கியவர்களில் ஒருவர் வீட்டில், கைக்கு அடக்கமாக 20 சென்டிமீட்டர் உடலோடு அது பாதியில் நிற்கக் கூடாது. ஒரே உட்காரலில் டிராக்கை முடிக்க நினைத்ததுதான் உங்களை வெறுக்க வைத்திருக்கிறது. தினமும் பத்துக் கண்ணி. ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டுங்கள், வெட்டிய அடையாளத்தை 600 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள், எடுத்து வையுங்கள், எழுந்து போய்விடுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு ஸ்கேலை ஓரமாக வைத்து வரிசையாக அடுக்கி, தண்ணியான மாடல் சிமென்ட்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) தொட்டு ஓட விடுங்கள். அரை மணி நேரம் கழித்து, முழுக்க இறுகாமல் வளையும் பதத்தில் இருக்கும்போதே சக்கரங்களைச் சுற்றிப் போர்த்தி, மேலே பஞ்சு திணித்துத் தொய்வு கொடுங்கள். நிஜ டாங்கி டிராக் தொங்கும் அந்தத் தொய்வு விழுந்த நிமிடம், அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது பல டன் எடை உள்ளதாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு இந்தக் கலையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பதினொரு வயது மகளுக்கு முதல் கிட்?

ஏர்ஃபிக்ஸ் 1/72 ஸ்பிட்ஃபயர். இறக்கை முழுவதும் 15.6 சென்டிமீட்டர்தான், பாகங்கள் குறைவு. பசையே வேண்டாம் என்றால் பண்டாய் குண்டம் ரோபோ. பாகங்களை வெட்ட நல்ல நிப்பர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், நகவெட்டி வேண்டாம். பெயின்ட் பிசிறினால் நீங்கள் கையை வைக்காதீர்கள், அது அவளுடைய விமானம்.

ஆன்டெனா கம்பி கீழே விழுந்து தொலைந்துவிட்டது. தனியாகக் கிடைக்குமா?

வாங்கத் தேவையில்லை. தூக்கிப்போட இருந்த ஸ்ப்ரூவில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, தீயைத் தொடாமல், உருட்டிக்கொண்டே சூடாக்குங்கள். நடுவில் பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரண்டு கையாலும் இழுங்கள். வேகமாக இழுத்தால் முடியளவு மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், முதல் நாலைந்து அறுந்துபோகும்.