தாக்குதல் பயிற்சியாளர்மீது கோபப்படலாமா?

கேள்வி: அமெரிக்காவுக்கு வந்து 12 ஆண்டுகளாகின்றன. கிரிக்கெட்டை மறந்துவிட்டு, எங்கள் ஊர் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணியே கதி என்று கிடக்கிறேன். முதல் முறை பந்து கைக்கு வந்ததும் அழகாக டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்வது) அடிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க ஒன்றுமில்லை. முதல் டவுன் (10 யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவது) என்றால் நடுவில் ஒரு ஓட்டம். மூன்றாவது டவுனில் 9 யார்டு வேண்டியிருக்கும்போது 4 யார்டுக்கு ஒரு பாஸ். எந்த நேரத்தில் எப்படி ஆடுவது என்று தீர்மானிக்கும் தாக்குதல் பயிற்சியாளரைத் துரத்தினால்தான் அணி உருப்படும் என்று ஞாயிறுதோறும் கத்துகிறேன். "அப்பா, நீங்க கத்துறது அவருக்குக் கேக்காது" என்கிறான் 11 வயது மகன். என் கோபம் நியாயமானதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அமெரிக்கா

பதில்: அணியின் பெயரை நான்தான் நீக்கினேன். 32 அணிகளில் பாதி அணிகளின் ரசிகர்களாவது இந்தக் கடிதத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் தங்கள் பெயரில் அனுப்பியிருக்கக்கூடும் என்பதால், அதில் உங்களுக்கு நஷ்டம் எதுவுமில்லை. உங்கள் கோபத்தில் ஒரு பகுதி மிகவும் நியாயமானது, ஒரு பகுதி முகவரி தவறிய கடிதம்.

நியாயமான பகுதி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த முதல் டச்டவுன். சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், ஆட்டத்தின் முதல் 25 பிளேக்களை (ஒவ்வொரு முயற்சியிலும் யார் என்ன செய்ய வேண்டும் என்ற திட்டங்களை) முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பிரபலமாக்கினார். இன்றும் பல அணிகள் ஏதோ ஓர் எண்ணிக்கையில் அதைப் பின்பற்றுகின்றன. எனவே முதல் முயற்சியில் நீங்கள் ரசித்தது, வாரம் முழுக்க எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, நிதானமாக மேசையில் உட்கார்ந்து தயாரித்த பாடம். அது தீர்ந்த பிறகு, எதிரணி தன் தடுப்பை மாற்றிக்கொள்ளும்போது, அடுத்த பிளேயைத் தொடங்க வேண்டிய 40 வினாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் பயிற்சியாளரின் குரல் கேட்கும் ஒலிபெருக்கி 15 வினாடி மீதமிருக்கும்போது அணைந்துவிடும் என்ற நிலையில், அடுத்தது என்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். மனப்பாடம் செய்த விடையை நன்றாக எழுதிவிட்டு, வினாத்தாள் மாறியதும் விழிக்கிற மாணவனைப் போல ஒரு பயிற்சியாளர் ஒவ்வொரு வாரமும் விழிக்கிறார் என்றால், அது அவருடைய குறைதான்.

மூன்றாவது டவுன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுமையாக வரமாட்டேன். 4 யார்டு பாஸ் என்று நீங்கள் பார்ப்பது, பெரும்பாலும் 15 யார்டுக்குத் திட்டமிடப்பட்டு, முதல் ஆளும் இரண்டாவது ஆளும் மறிக்கப்பட்டு, முன்வரிசையும் சரிந்துவிட்ட நிலையில் குவார்ட்டர்பேக் வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்றவரிடம் தள்ளிவிட்ட பந்து. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால், 20 யார்டு தள்ளி என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. தவிர, பந்தைக் கொடுப்பதா எறிவதா என்பதை அந்தக் கணத்தில் குவார்ட்டர்பேக்கே முடிவு செய்யும்படி அமைந்த பிளேக்களும் இன்று ஏராளம்.

முடிவைப் பார்த்துத் திட்டுவதற்குப் பெரிய உதாரணம், 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதி ஆட்டம். சியாட்டில், நியூ இங்கிலாந்திடம் 24-28 எனப் பின்தங்கியிருந்தது. டச்டவுன் கோட்டுக்கு 1 யார்டு, இரண்டாவது டவுன், 26 வினாடி, கையில் ஒரே ஒரு டைம் அவுட். முந்தைய பிளேயில் 4 யார்டு இடித்துக்கொண்டு போன மார்ஷான் லிஞ்ச் பக்கத்திலேயே நிற்க, குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பாஸ் எறிந்தார். நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பாய்ந்து பறித்தார். சூப்பர் பவுல் வரலாற்றிலேயே மோசமான பிளே என்று அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பாஸ் தவறினால் கடிகாரம் நின்றிருக்கும், டைம் அவுட் கைவசம் இருக்க மேலும் இரண்டு முயற்சிகள் பதற்றமின்றிக் கிடைத்திருக்கும் என்ற கணக்கை யாரும் காதில் வாங்கவில்லை. நெரிசலுக்குள் எறியும் அந்தப் பாஸைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் குறை உண்டு. பாஸ் எறிய முடிவு செய்ததில் இல்லை. அதே பிளேயில் பயிற்சியின்போது ஏமாந்திருந்த பட்லர், சியாட்டில் அணி நின்ற வரிசையைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். எதிரணியும் படித்துவிட்டுத்தான் வருகிறது. தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் பொறுப்பைத் தாமே ஏற்றார். தாக்குதல் பயிற்சியாளர் டாரல் பெவல் மேலும் மூன்று சீசன்கள் அங்கேயே நீடித்தார்.

உங்கள் கோபத்துக்குத் தகுதியான உதாரணம் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரி 5 அன்று, ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுல். அந்த சீசனில் 540 புள்ளிகள் எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்த அட்லாண்டா, நியூ இங்கிலாந்துக்கு எதிராக 28-3 என முன்னிலையில் இருந்தது. முன்னிலை 28-20 எனச் சுருங்கிய பிறகும், ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டோரம் எம்பிப் பிடித்த அபாரமான பந்தால், 4 நிமிடம் 40 வினாடி மீதமிருக்கும்போது அணி எதிரணியின் 22 யார்டு கோட்டில் நின்றது. ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) போதும், வித்தியாசம் 11 புள்ளியாகி, நியூ இங்கிலாந்து இரண்டு முறை புள்ளி எடுக்க வேண்டியிருக்கும். மூன்று முறை பந்தை ரன்னிங் பேக்கிடம் (பந்தோடு ஓடுபவரிடம்) கொடுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டுப் பிறகு உதைத்திருக்கலாம். முதல் ஓட்டத்தில் 1 யார்டு நஷ்டம்; அடுத்ததே பாஸ், அதில் குவார்ட்டர்பேக் மேட் ரயன் 12 யார்டு பின்னால் வீழ்த்தப்பட்டார்; அதன்பின் ஒரு ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுத்தல்) தண்டனை 10 யார்டு தின்றது. உதைக்கும் தூரத்தைத் தாண்டிப் பின்னால் போய்விட்டதால் பந்தைப் பன்ட் செய்தார்கள், அதாவது எதிரணியிடம் உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். நியூ இங்கிலாந்து 91 யார்டு நகர்ந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என வென்றது. இங்கே தவறு ஒரு பாஸில் இல்லை. சீசன் முழுக்கப் பலித்த தாக்குதல் வேகத்தை, நேரத்தைக் கொல்ல வேண்டிய நேரத்திலும் கைவிட மனம் வராமல் போனதே தவறு. அதைச் செய்த அட்லாண்டாவின் தாக்குதல் பயிற்சியாளர் கைல் ஷானஹன் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. மறுநாளே சான் பிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார்.

உங்கள் அணியின் முதல் டவுன் ஓட்டங்கள் குறித்த புகாரை மட்டும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வரும் ஞாயிறன்று மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அணி வரிசையில் நின்றதும், பந்து அசைவதற்கு முன்பே, ஓட்டமா பாஸா என்று எழுதச் சொல்லுங்கள். இடைவேளைக்குள் பத்தில் எட்டு முறை அவன் சரியாக எழுதிவிட்டால், எதிரணியின் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று பொருள். அதன்பிறகு நீங்கள் கத்துவதில் எனக்கு ஆட்சேபமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்தால் அதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.