அடைமொழி கூடினால் காட்சி மங்கும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழைக்கு முந்தைய வானத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ‘அழகான’, ‘அற்புதமான’, ‘கண்கொள்ளாக் காட்சி’ எல்லாம் இருந்தும், ஒன்றும் கண்ணில் தெரியவில்லை என்கிறார் நண்பர். ஏன்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது காட்சியை அல்ல, காட்சியைப் பற்றிய தீர்ப்பை. ‘அழகான’ என்பதற்கு நிறமில்லை, வடிவமில்லை, ஒலியில்லை. அதை அடித்துவிட்டு, உங்களை அப்படிச் சொல்லவைத்தது எது என்று பாருங்கள். மேகத்தின் அடி கருத்து, ஓரம் மட்டும் வெளுத்திருந்ததா? காற்று சட்டென நின்று, கொடியில் துணிகள் அசையாமல் தொங்கினவா? இப்படி இரண்டு மூன்று விவரம் போதும். பத்து கொடுத்தால் கடைசி வருவதற்குள் முதலாவது மறந்துவிடும். ஒன்றாவது காதுக்கோ மூக்குக்கோ தோலுக்கோ உரியதாக இருக்கட்டும். மண்வாசனை மட்டும் வேண்டாம், மழை என்றதும் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடைமொழி பெயருக்கு முன்னால் வரும். ‘துருவேறிய, ஒரு பக்கம் சாய்ந்த, பச்சை வண்ணம் உரிந்த, பாதி திறந்திருந்த கதவு’ என்று எழுதினால், கதவு வந்து சேரும்வரை அந்த நான்கையும் எதன்மேல் ஏற்றுவதென்று தெரியாமல் வாசகர் சுமக்கிறார். ‘இரும்புக் கதவு பாதி திறந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பச்சை வண்ணம் உரிந்த இடமெல்லாம் துரு’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் முதலில் வந்துவிட்டதால் மற்றவை அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பெயருக்கு முன் இரண்டு அடைமொழிக்கு மேல் சேர்ந்தால் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

கேள்வி: வர்ணனை வந்தாலே கதை நின்றுவிடுகிறதே?

பதில்: பார்ப்பதற்கு ஆளில்லாத வர்ணனை அப்படித்தான் ஆகும். ஓர் அறைக்குள் திருட வந்தவன் ஜன்னல் கொக்கியைப் பார்ப்பான். வாடகைக்குக் கேட்டு வந்தவர் சுவரில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பார். பாத்திரத்தின் தேவை கண்ணை எங்கே இழுக்கிறதோ, அங்கே மட்டும் விவரம் கொடுங்கள்; கதை நகர்ந்துகொண்டே இருக்கும். இடத்தின் அளவை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அறை குறுகலானது என்று நான்காம் பத்தியில் சொன்னால், அதற்குள் வாசகர் மனதில் பெரிய அறை ஒன்று எழும்பியிருக்கும்.

கேள்வி: உவமை எத்தனை வரலாம்?

பதில்: பத்திக்கு ஒன்று. வினை, பயன், மெய், உரு என உவமைக்கு நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது தொல்காப்பியம். புதிதாக எழுதுவோர் பலரும் வடிவமான மெய்யிலும் நிறமான உருவிலுமே நின்றுவிடுகிறார்கள். அசையும் பொருளை எழுதும்போது வினையில், அதாவது செயலில், ஒப்புமை தேடுங்கள்.