999க்கு அடிச்சா பொம்பா எப்படி வருது? பாலாய்க்கு நேரா அடிக்கலாமா?

மலேசியால நம்ம ஆளு ஒருத்தர் கேட்டிருந்தது இதுதான்: டவுன்லயே பொம்பா (தீயணைப்புப் படை) பாலாய் (நிலையம்) இருக்கு, ஆனா 999 அடிச்சா எங்கயோ இருந்து யாரோ எடுத்து கேள்வி மேல கேள்வி கேக்குறாங்க, அதுக்குள்ள வீடு எரிஞ்சிடாதா, நேரா பாலாய்க்கே அடிச்சா என்ன?

நான் சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி வருஷமாச்சு, எங்க வாயில இன்னும் பழைய பேருதான். வேலை வேற, ஆனா எங்க வட்டாரத்து பொம்பா சுக்கரேலால (தொண்டர் தீயணைப்புப் படை) இருக்கேன், அதனால இந்தப் பக்கம் நின்னு பாத்ததைச் சொல்றேன்.

முதல்ல 999ஐ எடுக்கறது பொம்பாவே இல்ல. டெலிகோம் நடத்துற கால் சென்டர்தான் எடுக்கும். போலீஸா, பொம்பாவா, ஆம்புலன்ஸா, ஏ.பி.எம்.மானு (பொதுத் தற்காப்புப் படை) கேட்டு அந்தந்த இலாகாவுக்கு தள்ளி விடுறதுதான் அவங்க வேலை. முன்ன பொம்பாவுக்கு 994னு தனி நம்பர் இருந்துச்சு, அதையும் 999லயே சேத்துட்டாங்க. ஹேண்ட்போன்ல 112 அடிச்சாலும் அங்கதான் போகும். தீன்னு சொன்னா கால் பொம்பாவோட மாநில கண்ட்ரோல் ரூமுக்குப் போகும், அதுக்கு பேரு பூசாட் கெராக்கான் ஒபெராசி, எல்லாரும் பி.ஜி.ஓ.ன்னுதான் சொல்லுவோம். சிலாங்கூருக்கு அது ஷா ஆலம்ல. அதாவது உங்க தோட்டத்துல லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எரிஞ்சா அதை முதல்ல கேக்குற பொம்பா ஆள் ஷா ஆலம்ல ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்காரு, அவருக்கு உங்க தோட்டம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. அதான் அத்தனை கேள்வி கேக்குறாங்க.

அப்ப ஏன் பாலாய்க்கே நேரா அடிக்கக் கூடாது? அடிக்கலாம், எடுப்பாங்க, திட்ட மாட்டாங்க. ஆனா அந்த பாலாய் வண்டி அந்த நேரம் உள்ளதான் நிக்குதுன்னு யார் சொன்னா? எங்க ஊரு விஷயமே எடுத்துக்குங்க, வெயில் காலத்துல ராஜா மூசா காட்டுல கம்புட் மண்ணு (செடி கொடி மக்கிப் போன கரி மண்ணு) எரியும். மேல அணைஞ்ச மாதிரி இருக்கும், மண்ணுக்கு அடியில புகைஞ்சுகிட்டே போய் வேற இடத்துல கிளம்பும், நாள் கணக்குல வண்டியும் ஆளும் அங்கயே மாட்டிக்கும். அந்த மாதிரி நாள்ல எந்த பாலாய்ல எந்த வண்டி சும்மா நிக்குது, எது போய்க்கிட்டு இருக்கு, எது திரும்புதுன்னு மாநிலம் மொத்தத்துக்கும் தெரிஞ்ச இடம் பி.ஜி.ஓ. மட்டும்தான். பக்கத்து வண்டி இல்லன்னா அடுத்த பாலாய்ல இருந்து எடுத்து விடுவாங்க. நீங்க பாலாய்க்கு அடிச்சாலும் அவங்க பி.ஜி.ஓ.வுக்கு சொல்லித்தான் ஆகணும்.

அப்புறம் முழுக் கதையும் கேட்டு முடிச்சாதான் வண்டி கிளம்பும்னு நினைக்கிறீங்க பாருங்க, அது தப்பு. இடமும் என்ன எரியுதுங்கறதும் தெரிஞ்சாலே பாலாய்ல மணி அடிச்சிடும், மிச்சத்தை ரேடியோல ஓடுற வண்டிக்கு சொல்லிக்கலாம். உள்ள ஆள் இருக்கா, கேஸ் தோங் (சிலிண்டர்) இருக்கா, படுத்த படுக்கையா யாரும் இருக்காங்களான்னு கேக்குறதெல்லாம் கூட என்ன அனுப்பணும்னு முடிவு பண்ணத்தான். ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னா இ.எம்.ஆர்.எஸ். வேன் (பொம்பாவோட அவசர மருத்துவ மீட்பு வண்டி) சேர்ந்து வரும், தண்ணி இல்லாத இடம்னா டேங்கர் வரும். கரண்டை வெட்ட மின்சாரக் கம்பெனி டி.என்.பி.க்கும், ரோட்டை அடைக்க போலீஸுக்கும் அவங்களே சொல்லிடுவாங்க. முதல் வண்டில போற கமாண்டர் இறங்கின உடனே என்ன நெலமைன்னு ரேடியோல சொல்வாரு, பத்தலைன்னா அங்க இருந்தே கூட்டிக் கேப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் நேரம் குறிச்சு வெப்பாங்க. மறுநாள் பேப்பர்ல "இத்தனை மணிக்கு அழைப்பு கிடைத்தது"ன்னு வருதே, அது அந்தக் குறிப்புல இருந்து எடுத்ததுதான்.

நேரம் வீணாப் போறது எங்கன்னா, என்னைக் கேட்டா எங்க தோட்டத்து ரோட்லதான். பழம் திருட்டுக்குப் பயந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல ஒவ்வொரு ரோட்டுக்கும் இரும்புக் கம்பி போட்டு பூட்டி வெச்சிருப்பாங்க, சாவி ஜாகாகிட்ட (காவல்காரர்), ஜாகா எங்கன்னா மோட்டர் சைக்கிள்ல ரவுண்டு போயிருப்பாரு. பூட்டை வெட்ட வண்டியில கட்டர் இருக்கு, சட்டமும் விடும், ஆனா வெட்டி உள்ள போனப்புறம் பாரிட் (வாய்க்கால்) மேல போட்ட பலகைப் பாலம் வந்தா என்ன பண்றது? பழ லோரியே தயங்குற பாலத்துல தண்ணி ரொப்பின பொம்பா வண்டி ஏறாது. திருப்பவும் இடம் இருக்காது, ரிவர்ஸ்லயே மெயின் ரோடு வரைக்கும் வரணும். ஒரு தடவை நானே நின்னு பாத்தேன், செம்பனை மரத்துக்கு மேல புகை தெரியுது, கூரை எரியுற சத்தம் கூட கேக்குது, ஆனா வண்டி போற வழி தோட்டத்தோட ரெண்டாவது டிவிசன் (பிரிவு) பக்கமா சுத்தி வருது. பழைய பலகை லயம் வேற, எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, தீ சீலிங் மேலயே ஓடிடும்.

அதனால போன்ல "மாரியம்மன் கோயில் பக்கத்துல, சீக்கிரம் வாங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த மாரியம்மன்? ஒரு தோட்டத்துல டிவிசனுக்கு ஒண்ணு இருக்கு. தோட்டம் பேரு, எந்த டிவிசன், மெயின் ரோட்ல எந்தப் பக்கமா நுழையணும், லோரி எந்த வழியா போகுது, இதைச் சொல்லுங்க. பழ லோரி போற வழின்னா பொம்பாவும் போகும். ஹேண்ட்போன்ல இருந்து அடிச்சா எந்த வீடுன்னு அவங்களுக்குத் தானா தெரிஞ்சிடும்னு நம்பி இருக்காதீங்க. வாட்ஸ்அப் லொகேஷன் எல்லாம் அப்புறம், முதல்ல பேசுங்க. வீட்டுல மலாய் சரியா வராத பாட்டி இருந்தா "ருமா தெர்பாக்கார்"னு (வீடு எரியுது) தோட்டம் பேரோட சேத்து ரெண்டு வரி பேசப் பழக்கி வைங்க. ஒரு பையனை மோட்டர்ல மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிக்க வைங்க, இன்னொருத்தனை ஜாகாவைத் தேட விடுங்க. தண்ணி எங்க இருக்குன்னும் சொல்லுங்க, தோட்டத்துல ஹைட்ரன்ட் எதிர்பாக்க முடியாது, மில் குளமோ ஆறோ இருந்தா பம்ப் இறக்கி இழுத்துக்குவோம்.

பெரிய சம்பவம்னா எப்படின்னும் ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருக்காரு. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாள் ரெண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் பைப் வெடிச்சுதே, அங்க தண்ணி அடிச்சு அந்தத் தீயை அணைக்க முடியாது. பைப்பை நடத்துற பெட்ரோனாஸ் கம்பெனி வால்வை மூடி, உள்ள இருந்த கேஸ் தீர்ற வரைக்கும் அது எரியும். அதுவரைக்கும் ஆளுங்களை வெளியேத்தறதும், சுத்தி இருக்கிற வீடுங்களைப் பாக்கறதும்தான் வேலை. அந்த அளவுக்குப் போனா அங்கயே ஒரு கண்ட்ரோல் போஸ்ட் போட்டு போலீஸ், பொம்பா, ஆஸ்பத்திரி எல்லாரும் ஒரே இடத்துல நின்னு முடிவெடுப்பாங்க. பி.ஜி.ஓ. பின்னாடி இருந்து வண்டி, ஆள், சாமான் அனுப்பிக்கிட்டே இருக்கும், மத்த ஊரு பாலாய் காலியாகாமலும் பாத்துக்கணும்.

கடைசியா, ஏற்கனவே யாரோ அடிச்சிருப்பாங்கன்னு விட்டுடாதீங்க. ஒரே தீக்கு பல பேரு அடிச்சா பரவால்ல, ஒண்ணாச் சேத்துக்குவாங்க, முன்பக்கம் நிக்கிறவருக்குத் தெரியாதது பின்பக்கம் நிக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. விளையாட்டுக்கு அடிக்கிற பசங்களாலதான் லைன் அடைக்குது, அவனுங்க காதைத் திருகுங்க.